‘எதுக்கு மேடம்’ தொடங்கிய கம்பெனி

காப்பீட்டு நிறுவனத்தில் அவர் தட்டச்சராகத்தான் சேர்ந்தார். நிறுவனம் பங்கு வாங்கியிருந்த பல கம்பெனிகளிலிருந்து வரும் ஆண்டறிக்கைகளை வருடவாரியாக அடுக்கிவைப்பதும் வேலையில் சேர்ந்திருந்தது. மற்றவர்கள் முதலாளியின் புகைப்படத்தோடு அறிக்கையை மூடிவிடுவார்கள். இவர் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிப்பார். படித்துவிட்டு, எந்தப் பங்கை வாங்கலாம் என்று பார்க்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய், “இந்த வருஷம் கிடங்கு வாடகை ரெண்டு மடங்கு ஆகியிருக்கே, எதுக்கு?” என்று கேட்பார். நான்கைந்து முறை பதில் தெரியாமல் விழித்த அதிகாரி, தொல்லை தாங்காமல் அவரைத் தன் பிரிவுக்கே மாற்றிக்கொண்டார். ‘எதுக்கு மேடம்’ என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பிரிவில் பதினெட்டு வருடங்கள். நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு சிமென்ட் கம்பெனியின் பங்கை வாங்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். மேலே போன அறிக்கையில் ‘வேண்டாம்’ காணாமல் போயிருந்தது. கீழே அவர் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் ராஜினாமா கொடுத்தார்.

கணவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். பிறர் பணத்தைப் பங்குகளில் போட்டு நிர்வகிக்கும் கம்பெனி தொடங்கப்போவதாக இவர் சொன்னதை, சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

“சொந்தமா கம்பெனியா? அடுத்தவங்க காசு. நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சேன். ரெண்டு வருஷம் உங்க சம்பளத்துலதான் ஓடணும்.”

“அதையும் யோசிச்சிட்டியா? அப்ப நான் யோசிக்க ஒண்ணும் மிச்சமில்ல.”

உரிமம் வர பதினான்கு மாதம் ஆனது. கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். பழைய அலுவலகத்திலிருந்து கூடவே வந்த ஒருவர் கூட்டாளி. நல்ல பேச்சுக்காரர், வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. வரவேற்பு மேஜையில் ஒரு பெண். அவளே போனும் எடுப்பாள், கடிதமும் அடிப்பாள். முதல் பணம் நாத்தனாரிடமிருந்து வந்தது. ஆறு தையல் இயந்திரங்களோடு கடை நடத்திய அவர், “அண்ணி, நீங்க பாத்துக்குவீங்க” என்று ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டார். இரண்டாவதாக வந்த பல் டாக்டர் அப்படியில்லை. மூன்று நாள் வந்து குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வருடத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். வருமானம் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் வங்கி வட்டியைவிட நன்றாகவே இருந்தது. வாங்குவதற்கு முன் மேடம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் நேரில் போவார். வாசலில் நின்று எத்தனை லாரி சரக்கோடு வெளியே போகிறது என்று எண்ணுவார். காவலாளியிடம் பேச்சுக் கொடுத்து, சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்வார்.

ஆறாவது வருடம் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனி வந்தது. அதன் முதலாளி இவர் கேட்ட எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கிடங்கையே திறந்துகாட்டினார். கூரை வரை அட்டைப்பெட்டிகள். திரும்பி வந்த மேடம், பார்த்ததை உற்சாகமாகச் சொன்னார். வரவேற்பு மேஜைப் பெண் கேட்டாள்: “அவ்வளவு பெட்டி விக்காமலா கிடக்கு மேடம்?”

“சீசன் ஆரம்பிக்கப்போகுதும்மா. இப்பவே செஞ்சு வச்சிருக்காங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. வாடிக்கையாளர்களின் பணத்தில் ஆறில் ஒரு பங்கு அந்தக் கம்பெனிக்குப் போனது. பதினோரு மாதத்தில் அது இழுத்து மூடப்பட்டது. முன் வரிசைப் பெட்டிகளில் மட்டும்தான் பம்பு இருந்தது என்றும், பின்னால் இருந்தவை எல்லாம் வெறும் அட்டை என்றும் செய்தித்தாளில் வந்தது. மேடம் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். எத்தனையோ கேள்வி கேட்டவருக்கு, கை நீட்டி ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

கூட்டாளி ஒரு யோசனை சொன்னார். “வருஷக் கடிதத்துல ஒன்பதாம் பக்கத்துல ரெண்டு வரி போட்டுடலாம். எல்லாரும் ஏமாந்திருக்காங்க, நாம மட்டுமா?”

“கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வைக்கறவங்களைக் கண்டுபிடிக்கறதுதான் சார் என் தொழிலே. நானே ஒளிச்சு வைக்கவா?”

நூலகத்து மாடி அரங்கை வாடகைக்கு எடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். மேடம் மைக் வேண்டாம் என்றுவிட்டு எழுந்து நின்றார். எவ்வளவு போனது, எப்படிப் போனது என்று சொன்னார். பணத்தை நிர்வகிக்க வாங்கிய இந்த வருடக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். பல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“உங்களை நம்பித்தானே குடுத்தோம்? பெட்டியத் திறந்து பாக்கக்கூடாதா? நான் ஒரு பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ எக்ஸ்ரே பாக்கறேன்!”

“பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான் டாக்டர்.”

சண்டைக்கு வந்தவருக்கு இந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றபடியே இன்னும் பத்து நிமிடம் திட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த மாதத்துக்குள் இருபத்து மூன்று பேர் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் எடுக்கவில்லை. கேட்டதற்கு, “எடுத்துட்டா அப்புறம் யாரைப் போய்த் திட்டறது?” என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து திட்டவும் செய்தார்.

எடுத்தவர்களில் ஒருவர் நாத்தனார். வீட்டுக்கே வந்து, பூர்த்தி செய்த விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. எனக்குத் திரும்ப சம்பாதிக்கற வயசு இல்ல.” மேடம் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாத்தனார் போன பிறகு கணவரிடம், “அவ செஞ்சது சரிதான்” என்றார். சரிதான் என்று தெரிந்தும், அந்த ஒரு விண்ணப்பம் அவருக்கு மற்ற இருபத்திரண்டையும் விட வலித்தது.

கூட்டாளி ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டார். இரண்டு அறையில் ஒன்றைக் காலி செய்தார்கள். வீட்டுச் செலவுக்குக் கணவர் மாலையில் டியூஷன் எடுத்தார். மேடம் வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு, “அன்னைக்கு நீ கேட்டே, நான் வாயை அடைச்சுட்டேன். இனிமே நீயும் என்னோட வா” என்றார். அன்றிலிருந்து ஒரு விதியும் வந்தது: அலுவலகத்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வாங்கக்கூடாது.

அந்தப் பெண் கைப்பையில் அட்டை கிழிக்கும் கத்தியோடு கிடங்கு கிடங்காகப் போனாள். சில முதலாளிகள் சிரித்தார்கள். ஒரு பெயின்ட் கம்பெனிக்காரர் ரோஷப்பட்டு, கேட்டைத் தாண்டவே விடவில்லை. அவள் வேண்டாம் என்றாள், வாங்கவில்லை. மூன்று வருடத்தில் அந்தப் பங்கு நான்கு மடங்காக ஏறியது. டாக்டர் தலையிலடித்துக்கொண்டார். “இந்தத் தடவ டப்பாவுல நிஜமாவே பெயின்ட் இருந்திருக்கும்மா!”

பெயின்ட் கைவிட்டுப் போனாலும் கம்பெனி மெல்ல எழுந்து நின்றது. பன்னிரண்டு வருடத்தில் நானூறு வாடிக்கையாளர்கள், ஏழு ஊழியர்கள், ஒரு தளம் முழுக்க அலுவலகம். மேடத்துக்கு அறுபத்து நான்கு வயதானபோது பழைய கூட்டாளி கோட்டு சூட்டோடு வந்தார். அவர் இப்போது இருக்கும் நிறுவனம் இவருடைய கம்பெனியை விலைக்குக் கேட்டது. சொன்ன தொகையை மேடம் ஒரு தாளில் எழுதி, சைபர்களை எண்ணிப் பார்த்தார்.

“சின்னத் தொகை போட்டவங்களை என்ன பண்ணுவீங்க?”

“அதுக்கெல்லாம் தனியா ஒரு போன் நம்பர் இருக்கு மேடம். யாராவது எடுத்துப் பதில் சொல்வாங்க.”

“யாராவதுன்னா?”

கூட்டாளி சிரித்து மழுப்பினார். மேடம் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு தன் பங்கை ஊழியர்கள் ஏழு பேருக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். விலை, வந்த விலையில் பாதிகூட இல்லை. அதையும் அவர்கள் பத்து வருடத்தில் லாபத்திலிருந்து கொடுத்தால் போதும். வெளியூரில் மின்பொறியாளராக இருந்த மகன் போனில் கேட்டான்: “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?” அவனுக்கு அந்தத் தொழிலில் ஆசை இல்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்தான். அவர் ஒப்புக்கொண்டார்.

வரவேற்பு மேஜைப் பெண்தான் இப்போது நிர்வாக இயக்குநர். மேடம் வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகராக வந்தார். முதல் மாதமே, ஆற அமரப் படித்து, கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றைச் சிபாரிசு செய்தார். இயக்குநர் முழு அறிக்கையையும் படித்துவிட்டு வந்தாள்.

“இது வேண்டாம் மேடம். பாதி வேலை ஒரே கப்பல்காரருக்குச் செய்யறாங்க. அவர் போயிட்டா?”

“நாப்பது வருஷமா இதைத்தானே பண்ணிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“தெரியும். இருந்தாலும் வேண்டாம்.”

மேடம் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேநீர்கூடத் தன் இடத்துக்கே வரவழைத்துக் குடித்தார். மூன்றாவது வாரம், அந்தக் கப்பல்காரர் யார், அவருடைய நிலைமை என்ன என்று தானே போன் போட்டு விசாரிக்கத் தொடங்கினார். விதிப்படி அந்தப் பங்கை வாங்கவில்லை; அடுத்த ஒரு வருடத்தில் கப்பல்காரர் எங்கும் போகவில்லை. பங்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.