உப்பளத்தில் அன்று மழை பெய்ததா?

எங்கள் கல்யாண நாள் வந்தால் போதும், என் வீட்டுக்காரர் காலையில் காப்பித் தம்ளரோடு வாசலுக்குப் போய் நிற்பார். வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அப்புறம் நான் அடுப்படியில் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறேனா என்று திரும்பி ஒரு பார்வை. உறுதியான பிறகு, தெருவில் போகிற யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வார்: "அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துது. ஒரு தூத்தல் கெடயாது." கரண்டியைப் போட்டுவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். அன்றைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தால், "அன்னிக்கு இப்பிடியா இருந்துது?" என்று ஆரம்பிப்பார். எப்படி ஆரம்பித்தாலும் எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்யவில்லை என்றுதான் முடிப்பார்.

பெய்தது. ஆவணி மாதத்துக் கல்யாணம். கருவடிக்குப்பத்தில் என் அப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டு, காலை முகூர்த்தத்தில் தாலி கட்டினார். சாயங்காலம், ஊரின் இன்னொரு கோடியில் உப்பளம் என்கிற பேட்டையில் இருந்த அவர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்கள். அவருடைய மில் கூட்டாளி ஏற்பாடு செய்திருந்த சைக்கிள் ரிக்‌ஷாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முகத்தைப் பார்க்கவே வெட்கம். அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது பிடித்தது பாருங்கள் மழை, சடசடவென்று! என் கூரைப் புடவை நனைந்து, அதன் சிவப்புச் சாயம் அவருடைய புது வேட்டியில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறையைத்தான் நான் அந்த வீட்டுக்குள் போகும் வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கேட்டால், "மழையாவது ஒண்ணாவது! அது ஆரத்தித் தண்ணிடி. எங்க அக்கா வாசப்படியில கை நடுங்கிக் கொட்டிட்டா" என்பார். வேட்டி எப்போதோ கிழிந்து அடுப்படிக் கரித்துணியாகிவிட்டது.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். ஒரு எழுத்துக்குத் துணைக்கால் விடுபட்டிருந்தாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். அப்படிப்பட்டவளிடம் போய் என் கல்யாணத்தையே தப்பாகச் சொன்னால் விடுவேனா? சாட்சிக்கு ஆள் தேடுவோம். அவருடைய அக்கா நல்ல மனுஷி, ஆனால் சாட்சிக்கு உதவ மாட்டார். நான் காப்பி கொடுத்தால், "ஆமாம்மா, நல்ல மழை" என்பார். தம்பியான இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "மழயா? எனக்கு ஞாபகம் இல்லியே" என்று நழுவுவார். ரிக்‌ஷாக்காரர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கூட்டாளி போய்ச் சேர்ந்தார், அக்காவும் போனார். கடைசியில் அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தவர்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னோம்.

இந்தச் சண்டையின் புண்ணியத்தில், அந்த ஒரு தேதியில் இந்த ஊரில் ஒவ்வொரு வருஷமும் வானம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். மகன் வயிற்றில் இருந்த வருஷம் சகிக்க முடியாத புழுக்கம், காற்று ஆடவில்லை. ஒரு வருஷம் ராத்திரி பெய்த மழையில் தெருவில் தண்ணீர் தேங்கி, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் வாங்கி வந்தார். மில்லை மூடின வருஷம் நல்ல வெயில். அன்று அவர் காப்பியைத் தொடவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, வாசற்படியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏங்க, அன்னிக்கு மழைதானே?" என்றேன். மெதுவாகத் தலையை நிமிர்த்தி, "யாரு சொன்னா?" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த வருஷம் மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டோம்.

அவர் இருந்தபோது கடைசியாக வந்த கல்யாண நாளில், இதே ஊரில் கதிர்காமத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜன்னலோரக் கட்டில். வெளியே மூட்டம் போட்டிருந்தது. மூச்சுக்கு முகமூடி வைத்திருந்ததால் அவரால் பேச முடியவில்லை. எப்படியும் என்னைப் பேசவைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னலைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை, பெய்யவில்லை. "படுத்துக் கெடக்கும்போதும் இந்த வீம்பு போவல பாரு" என்று திட்டிவிட்டு, வராந்தாவுக்குப் போய் அழுதேன். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

ஒண்டியாக இருப்பதைப் பற்றி ஆளாளுக்கு ஏதேதோ சொல்கிறார்கள். டி.வி.யைப் போட்டுவிடு, பேச்சுத்துணை மாதிரி இருக்கும் என்கிறார்கள். டி.வி. பேசும், சரி. நான் சொல்வதை அது மறுத்துப் பேசுமா? ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால், சரியாகவே இருந்துவிடுகிறது. மின்விசிறியைக் கூட்டிவைத்தால் யாரும் குறைப்பதில்லை. எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிற வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சில நாள் சாயங்காலம், அவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தமாதிரி எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வருவேன்.

இந்த வருஷம் கல்யாண நாளன்று காலையில் ஓசூரிலிருந்து மகன் போன் செய்தான். அம்மா அழுதுகொண்டிருப்பாள், சிரிக்கவைக்கலாம் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

"அம்மா, பழைய காலத்து மழைக் கணக்கு எல்லாம் நெட்டுல கெடக்குது. ஊரு, தேதி போட்டா போதும், அன்னிக்கு எவ்ளோ வெயிலு, எவ்ளோ மழைன்னு வந்துடும். உங்க கல்யாணத் தேதியப் போடட்டுமா?"

எனக்குத் திக்கென்றது. அவர் போன பிறகு அவரோடு எனக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு வழக்குதான். தீர்ப்பு வந்துவிட்டால் அதுவும் போய்விடும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மெய்ப்புப் பார்த்த புத்தி சும்மா இருக்குமா? "சரி, பாரு" என்றேன்.

டக் டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கத்தினான்: "அம்மா! மழைம்மா! அன்னிக்கு நல்ல மழைன்னு போட்டிருக்கு. நீதான் கெலிச்சே!"

பொய் சொல்வானேன், ஒரு நொடி முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. கேட்டீங்களா என்று சொல்ல வாயைத் திறந்து திரும்பியும்விட்டேன். கூடத்தில் நாற்காலிதான் இருந்தது.

"அப்பா இத்தினி வருஷமும் சும்மா வாயடிச்சிருக்காரு பாரேன். தோத்துட்டாரு!" என்று மகன் சிரித்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. பதில் சொல்ல இங்கே இல்லாத மனுஷனைத் தோற்றுவிட்டார் என்று சொல்வதா?

"இன்னாடா தோத்துட்டாரு? மழைய அளந்தவன் ஊருல எந்த மூலையில நின்னு அளந்தானோ. அங்க பெஞ்சா உப்பளத்துல பெஞ்சுதுன்னு அர்த்தமா? கருவடிக்குப்பத்துல கொட்டும், உப்பளத்துல ரோடு காஞ்சு கெடக்கும். நீ வந்து பாத்தியா?"

"இன்னாம்மா இது? நீதான மழைன்னு சொல்லுவே? பொடவச் சாயம் போயி அப்பா வேட்டியெல்லாம்…"

"அது ஆரத்தித் தண்ணிடா. உங்க அத்தை கை நடுங்கிக் கொட்டிட்டாங்க."

மகன் குரலை இறக்கி, ரொம்ப மெதுவாக, "சாப்டியாம்மா?" என்றான். சாப்பிட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

அவருக்காகச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லியாகிவிட்டது. குரல்கூட அவருடைய குரல் மாதிரியே ஏறியிருந்தது. இனி நான் பேசுகிற பக்கத்தை யாராவது பேச வேண்டும். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மழைதான் பெய்தது என்று அடித்துச் சொல்ல வேண்டும். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.