வலது கண்ணில் ஒட்டாத பிளாஸ்திரி

என் மகளின் இடது கண் பார்வை திரும்பாமல் போனதற்குக் காரணம் நான்தான். வேறு யாருமில்லை!

பதினைந்து வருடமாக மூடி வைத்ததை உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் சொல்லத் தைரியமில்லை. உள்ளே வைத்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை... அலுத்துவிட்டது.

செல்விக்கு அப்போது ஐந்து வயது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரம்மாவிடம் காட்டினோம். கண்ணாடி கொடுத்தார். கூடவே, நன்றாகத் தெரியும் வலது கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடச் சொன்னார். நல்ல கண்ணை எதற்கு மூட வேண்டும் என்று கேட்டேன்.

"மூளை இந்த இடது கண்ணைக் கண்டுக்காம விட்டுருச்சுங்க. பார்க்கப் பார்க்கத்தான் மூளையில நரம்புத் தொடர்பு உறுதியாகும். இந்த வயசுலயே பழக்கிட்டா திரும்பிரும். வயசு ஏறிட்டா கஷ்டம்."

எனக்குப் புரியாமலில்லை. தரிசாகக் கிடக்கும் காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டி வளைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே கதைதான் என் பிள்ளையின் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது.

மனைவி பாண்டியம்மாள் காலையிலேயே மில்லுக்குப் போய்விடுவாள். பிள்ளை என்னோடு மாட்டுச்சந்தைக் கயிற்றுக் கடையில் இருப்பாள். பிளாஸ்திரி என் பொறுப்பு. ஒட்டினால் தடவித் தடவி நடப்பாள், எதிலாவது முட்டிக்கொண்டு அழுவாள். அதற்காகவா பிரித்தேன்? அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், சந்தைக்கு வந்தவர்களின் கேள்விதான் தாங்கவில்லை.

"என்ன மாப்ள, புள்ளைக்குக் கண்ணு பொட்டையா? பொம்பளப் புள்ளையாச்சே!"

மறுநாளிலிருந்து கடைக்கு வந்ததும் பிரித்துவிடுவேன். பாண்டியம்மாள் திரும்பும் நேரத்தில் புதிதாக ஒன்றை ஒட்டுவேன். "அம்மாட்ட சொல்லாத தாயி" என்பேன். அவள் சொல்லவேயில்லை. பிறகு மறந்துவிட்டாளா, இல்லை இன்னும் எனக்காகத்தான் மறைக்கிறாளா... கேட்கப் பயம்.

டாக்டரம்மா கொடுத்த தாளில், ஆறு மணி நேரம் ஒட்டியதாக ஒருநாள் விடாமல் டிக் போட்டேன். "இவ்வளவு ஒழுங்கா ஒட்டியும் ஏன் பார்வை கூடல?" என்று அவர் அந்தத் தாளையே பார்த்தார். சில பிள்ளைகளுக்குப் பலன் குறைவாகத்தான் இருக்கும் என்று அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார். நான் தலையாட்டினேன். சீ, நானும் ஒரு தகப்பன்!

என் அக்கா வேறொரு காரணம் கண்டுபிடித்தாள். பாண்டியம்மாள் வயிற்றுப்பிள்ளையோடு கிரகண நேரத்தில் வாசலுக்கு வந்தாளாம். பாண்டியம்மாள் அதை நம்பினாள். நான் மறுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

செல்விக்கு இப்போது இருபது. போலீஸ் வேலைக்காக ஒரு வருடம் விடியலில் எழுந்து ஓடினாள். ஓட்டத்தில் தேறினாள், எழுத்துத் தேர்விலும் தேறினாள். போன வாரம் கண் பரிசோதனையில் கழித்துவிட்டார்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். பாண்டியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிரகணத்தன்னைக்கு நான் வெளிய வந்துருக்கக் கூடாது தாயி. அம்மாவ மன்னிச்சுரு."

"விடும்மா. நீ என்ன வேணும்னா செஞ்ச?"

பாண்டியம்மாள் அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது கிடைக்கும்? வாயைத் திறந்தேன்...

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.