அம்மா சொல்லி அனுப்பிய தெருக்கள்

நசுங்கிய முட்டைக்கோஸ் இலையும், ஈரச் சாக்கும், மாட்டுச் சாணியும் கலந்த ஒரு வாடை கொத்தவால் சாவடிக்கு ஒரு தெரு முன்னாலேயே மூக்கில் ஏறிவிடும். அதைத் தாண்டி இன்னும் நாலு எட்டு வைத்தால், விறகுப் புகைக்கு நடுவில் ஆப்பச் சட்டியில் மாவு சுற்றிவிடும்போது எழுகிற புளித்த, இனிப்பான ஆவி முகத்தில் வந்து படும். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை நானும் என் நைனாவும் அந்த வாடைக்கும் ஆவிக்கும் நடுவில் அலைந்தோம். மதராஸ் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் அல்ல நாங்கள். அம்மா அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

எங்கள் வீடு கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து வரப்பு வழியாக நடந்து போகிற தூரத்தில் இருந்தது. கொஞ்சம் நெல் நிலம், மாடு கட்டி இறைக்கிற ஒரு கவலைக் கிணறு, ஒரே கூரைக்குக் கீழ் பெரியப்பா குடும்பமும் நாங்களும். அம்மா மட்டும் அந்த வீட்டில் வேறு மண். அவள் பிறந்தது கொத்தவால் சாவடிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். அவளைப் பெற்றவள் மண்டியில் வெங்காயம் பொறுக்கிப் பிரிக்கிற வேலைக்கு விடியுமுன்பே போய்விட, இந்தப் பெண் காலணாவையோ அரையணாவையோ கையில் முடிந்துகொண்டு தெருவில் கிடைத்ததைத் தின்று வளர்ந்தாள். காலையில் ஆப்பமோ புட்டோ, நடுப்பகலில் ஒரு கலயம் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் துண்டும், பொழுது சாய்ந்தால் பட்டாணிச் சுண்டல். "எங்க ஊட்ல அடுப்பு எரிஞ்ச நாளு கம்மி, தெருதான் எனக்கு சோறு போட்டுச்சு" என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். பெரியம்மா இதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சொந்த நெல்லைக் குத்திப் பொங்கித் தின்கிற குடும்பத்தில், தெருவில் தின்று வளர்ந்தேன் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வருஷம் அறுப்புக்கு முன்பிருந்தே அம்மா ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். பிறகு சோற்றைக் குழைத்துக் கரைத்தாள். பிறகு கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. திருவள்ளூர் வைத்தியர் கொடுத்த சூரணமும் கஷாயமும் கேட்காமல், கடைசியில் நைனா அவளை ரயிலேற்றிக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தொண்டைக்குக் கீழே, சாப்பாடு இறங்குகிற குழாயில் கட்டி என்றார்கள். வயிற்றில் துளை போட்டு, ரப்பர் குழாய் வழியாகப் பாலும் கஞ்சியும் ஊற்றினார்கள். ஊரில் பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "தெருவுல கண்டதத் துன்ன வாயி. வேற எங்கிருந்து வரும் இந்த நோவு?" அண்ணன் மனைவியை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் நைனாவுக்கு இல்லை. ஆனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டார். டாக்டர் அப்படியெல்லாம் கிடையாது என்று சொன்ன பிறகும் தயங்கித் தயங்கி இன்னொரு முறை கேட்டார்.

பார்வையாளர்களை மாலையில்தான் வார்டுக்குள் விடுவார்கள். ஊரிலிருந்து எங்களுக்கு வாய்த்த ரயிலோ காலையிலேயே சென்ட்ரலில் இறக்கிவிட்டுவிடும். முதல் சில தடவைகள் ஆஸ்பத்திரி மதிலோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுப் பொழுதைக் கழித்தோம். நைனா வெளியில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காதவர். அப்படி ஒருநாள் மாலை, குழாயைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா, என்ன சாப்பிட்டாய் என்று என்னைக் கேட்டாள். புளிச்சோறு என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு புளிச்சோறா துன்னீங்கோ?" என்று நைனாவைப் பார்த்தாள். குரல் ஏற்கனவே கம்மிப்போயிருந்தது. "சாவடிக்குப் போங்க. சந்து முனைல ஆப்பக்கார அம்மா இருப்பாங்கோ. பாப்பாவுக்கு வாங்கிக் குடுத்துட்டு வந்து எனக்கு சொல்லுங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அடுத்த முறைக்கு ஒரு தெருவைச் சொல்லி அனுப்புவாள். யானைகவுனிப் பாலத்தடியில் கூழ், தங்கசாலைத் தெருவில் சேட்டுகள் சுடுகிற பூரி, மண்ணடிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பழவேற்காட்டுப் பாய் ஒருவர் கூடையில் வைத்து விற்கிற இடியாப்பமும் சர்க்கரையும். அவள் ஒரு தெருவைச் சொன்னால் அது வெறும் பெயராக வராது. எந்தத் திருப்பத்தில் கொல்லன் பட்டறை, எந்த வீட்டு மாடியில் புறா, எங்கே சாக்கடையைத் தாண்டக் கல் போட்டிருக்கும் என்பதோடு வரும். பட்டறை இருந்த இடத்தில் அச்சாபீஸ் இருக்கும், புறாவைக் காணோம், ஆனாலும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவோம். வயல் வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவரான நைனா அந்தச் சந்துகளில் கைவண்டிக்கும் ஜட்காவுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் வழி கேட்டு வேர்த்துப்போவார்.

மாலையில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். சும்மா நன்றாக இருந்தது என்றால் விடமாட்டாள். சூடாக இருந்ததா, இலையில் கொடுத்தானா காகிதத்திலா, சுண்டலில் மாங்காய் சீவிப் போட்டானா, காரம் நாக்கிலா தொண்டையிலா என்று கேட்பாள். நான் சொல்லத் தெரியாமல் முழித்த இடத்தில் நைனா மெல்ல எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றவர், இதற்காகவே தானும் ஒரு வாய் போட்டுப் பார்க்கலானார். கூழில் உப்புக் கொஞ்சம் கூட என்று ஒருநாள் அவர் தீவிரமாகச் சொல்ல, கூழுக்கு உப்பு கூடத்தான் இருக்க வேண்டும், வெயிலில் மூட்டை தூக்குகிறவன் குடிக்கிறது அது என்று அம்மா மறுக்க, இருவரும் அதைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடம்பத்தூர் வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில், அவர்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

மண்ணடிப் பாயைத் தேடிப் போனபோது அவருடைய மகன்தான் கூடையோடு இருந்தார். வாப்பா போய் இரண்டு வருஷமாகிறது என்றார். அதை அம்மாவிடம் சொன்னதும் "அவுரும் பூட்டாரா" என்று மட்டும் கேட்டு, இடியாப்பத்தைப் பற்றி அன்று ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

ஆப்பக்கடையிலும் அம்மா சொன்ன கிழவி இல்லை. அவள் மகள் முனியம்மா, அம்மா வயதுக்காரி, அடுப்புக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். வெங்காய மண்டிக் கனகாவின் புருஷன் நான், இது அவள் பெண் என்று நைனா சொன்னதும், அவள் சட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதில் இருவரும் ஒரே குழாயடியில் நின்றவர்களாம். அதற்குப் பிறகு நாங்கள் எந்தத் தெருவுக்குப் போனாலும் அவளிடம் தலைகாட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது. அம்மா நோயாளி என்று முனியம்மாவுக்குத் தெரியும். நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று நைனா சொல்லவில்லை.

தை கழிந்ததும் முனியம்மா ஒருநாள், ஓரம் முறுகிய ஆப்பம் ஒன்றை இலையில் மடித்து, தேங்காய்ப்பாலைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். "அதுக்கு ஓரம் முறுகலா இருந்தாத்தான் புடிக்கும். குடுங்கண்ணே, ஒரு வாய் துன்னட்டும்" என்றாள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் நைனாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை வாங்கி, துண்டுக்குள் மறைத்து, மாலை வரை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் ஆயா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நடுப்பாகத்திலிருந்து நகத்தளவு கிள்ளி, பாலில் நனைத்து அம்மாவின் நாக்கில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அதை நாக்கிலேயே வைத்திருந்தாள். விழுங்கப் பார்த்தபோது முடியாமல் புரையேறி, கண்ணில் நீர் வந்து, எல்லாம் கடைவாய் வழியாக வழிந்தது. நைனா துண்டால் துடைத்தார். இருமல் அடங்கி மூச்சு நிதானமானதும், "அவுங்கம்மா கைப்பக்குவமே வந்துட்டுச்சு அதுக்கு" என்றாள் அம்மா. சந்தோஷமாகத்தான் சொன்னாள் என்று அன்று நினைத்தேன்.

மாசி முழுவதும் அவள் இளைத்துக்கொண்டே போனாள். கையில் வளையல் நிற்கவில்லை என்று நைனா அவற்றைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டார். தெருக்களைச் சொல்வது குறைந்து, அடுத்த தடவைக்கு எங்கே போகட்டும் என்று நாங்களே கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் நான் வழக்கம்போலக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூக்கடைப் பக்கம் தின்ற மசால் வடையைப் பற்றி, அதன் பருப்பு எப்படிக் கரகரவென்று இருந்தது என்பதைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா கையைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"போதும் கண்ணு. இனிமே சொல்லாத."

கோபமில்லை அதில், அலுப்புகூட இல்லை. வடை வேண்டாம், தெரு வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்பதுதான் இருந்தது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு, சென்ட்ரல் வாசலில் சுண்டல்காரனைத் தாண்டும்போது அவர் நின்று எனக்கு வாங்கித் தரப் போனார். நான் வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு சீக்கிரமே டாக்டர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ரயில் பெட்டியின் பலகையில் அம்மாவைப் படுக்கவைத்து, கரித்தூள் கண்ணில் விழாமல் நான் அவள் முந்தானையால் மறைத்துக்கொண்டே வந்தேன். கடம்பத்தூரில் கட்டில் கொண்டுவந்து தூக்கிப் போனார்கள். பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், களத்தில் எல்லாரும் உளுந்து அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இறந்துபோனாள்.

காரியத்துக்கு முதல்நாள் சாயங்காலம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது வழக்கம். அம்மாவுக்குப் பிடித்தது என்ன என்று பெரியப்பா பொதுவாகக் கேட்டபோது, நைனா, பட்டணத்து ஆப்பம் என்றார். பெரியம்மா உடனே மறுத்தாள். "தெருவுல விக்கிறத கொணாந்து படையல்ல வெப்பாங்களா? ஊர் இன்னா சொல்லும்?" வீட்டிலேயே வடையும் பாயசமும் செய்து வைப்போம் என்று முடிவாயிற்று. நைனா தலையை ஆட்டினார். ஆனால் படையலன்று விடியற்காலையில் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

முனியம்மா எங்களைப் பார்த்ததும் மணையை விட்டு எழுந்தாள். மொட்டை அடிக்காத நைனாவின் தலையையும், துவைத்துக் கட்டிய அவர் வேட்டியையும் பார்த்துவிட்டு, "ஊட்ல எப்டிண்ணே இருக்குது?" என்று கேட்டாள்.

"பரவால்லம்மா. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். இப்போ நல்லா இருக்கா" என்றார் நைனா.

அவள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். வீடு வந்துவிட்டாள் என்றால் இனி முழுசாகத் தின்னலாம் என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொன்றாக ஓரம் முறுக முறுக எடுத்து இலையில் அடுக்கி, தூக்கில் தேங்காய்ப்பாலை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். சொல்ல வாய் வரவில்லை என்றார்.

ரயில் வழியில் எங்கோ வெகுநேரம் நின்றுவிட்டது. பங்குனி வெயிலில் பெட்டியின் பலகையே சுட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கேற்றி, தலைவாழை இலை போட்டு, அம்மாவின் கூறைப்புடவையை மடித்து வைத்து, வடை, பாயசம், பொரியல் எல்லாம் பரிமாறி முடித்திருந்தார்கள். இலையின் நடுவில் ஒரு கையகல இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பெரியம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்று, "அங்கதான் தம்பி, வை" என்றாள்.

நைனா உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். பால் திரிந்துபோயிருந்தது. புளித்த நெடி எனக்கே எட்டியது. இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆப்பங்கள் வியர்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, நூல் விட ஆரம்பித்திருந்தன. அவர் அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையைப் பழையபடி மடித்தார், தூக்கை மூடினார், இரண்டையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் எருக்குழிக்குப் போனார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா கற்பூரம் ஏற்றினார். இலை நடுவில் அந்த இடம் அப்படியே இருக்க, எல்லாரும் விழுந்து கும்பிட்டோம்.

நைனா அதற்குப் பிறகு மதராஸுக்குப் போகவில்லை. அவர் காலமாகியும் வெகுகாலமாகிறது. முனியம்மாவுக்கு யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி வில்லிவாக்கத்துக்குக் குடிவந்த பிறகு நான் ஒருமுறை தேடிப் போனேன். சந்து முனையில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை இருந்தது, கடைக்காரருக்கு ஆப்பக்கடை என்று ஒன்று அங்கே இருந்ததே தெரியவில்லை. மண்டிகளும் பிறகு கோயம்பேட்டுக்குப் போய்விட்டன. கூழ்க்காரிகள் நிழலுக்கு ஒதுங்கிய இடங்களில் இன்று வண்டிகள் நிற்கின்றன. எங்களூருக்கு மின்சார ரயிலில் இப்போது ஒன்றேகால் மணிப் பயணம்தான். தேங்காய்ப்பால் திரிவதற்குள் வந்துவிடலாம், கொண்டுவர ஆள் இல்லை.

என் பேத்தி ஒருநாள், உங்கள் அம்மா எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டாள். அம்மா சொன்ன சொற்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். குரல் எப்படி இருக்கும் என்றாள். யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.