உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஒப்பாரி

போன வாரம் என் அப்பாவுக்கு ஒப்பாரி பாடினார்கள்.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பாடிய அம்மாளும் இப்போது உயிரோடு இல்லை. அவர் பாடியபோது அப்பா எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா தாம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் வாத்தியார். வகுப்பு இல்லாத நாளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டார கிராமங்களுக்குப் போய்விடுவார். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி – கிடைத்ததையெல்லாம் பதிவு செய்தார். அந்த வயல்களெல்லாம் அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. கேசட்டுகள் மட்டும் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பு அறையில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே ராத்திரி பகல் ஏசி ஓடும்.

அந்த அறைக்குப் பொறுப்பு நிவேதா. கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார். பாடியவர்களின் குடும்பங்களைத் தேடிப்பிடித்துப் பிரதி கொடுக்கிறார். அவர்கள் சரியென்றால் மட்டுமே எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் வைக்கிறார். அவரிடமிருந்து திடீரென்று ஒரு போன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பா பேரச் சொல்லி ஒரு ஒப்பாரி இருக்கு."

"யார் ரெக்கார்ட் பண்ணது?"

"உங்க அப்பாதான்."

மறுநாளே போய்விட்டேன். ஹெட்போனில் முதலில் ஒரு காக்கா கரைந்தது. அப்புறம் அப்பாவின் இருமல். அப்புறம் ஒரு பெண் குரல். வண்டலூர் பக்கம் விவசாயம் பார்த்த கன்னியம்மா என்றார் நிவேதா.

"சாவு இல்லாம எப்டி சார் பாடறது? ஆவாது சார்."

"சும்மா பாட்டுதானேம்மா." இது அப்பா.

"இத்த சும்மா பாடக்கூடாது. யாருக்குனா போய்ச் சேரணும்."

"அப்ப எனக்கே பாடுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ அழற மாதிரி பாடுங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார் மனிதர்! அந்தப் பொண்ணு நான்தான். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன்.

மறுபடி அந்தக் காக்கா கரைந்தது. பிறகு அந்தக் குரல் எழுந்தது. 'என்னப் பெத்த அப்பாவே' என்று எனக்குப் பதிலாக ஒருவர் அழ ஆரம்பித்தார். அப்பாவின் மூக்குக் கண்ணாடியைச் சொல்லி, சட்டைப்பைப் பேனாவைச் சொல்லி... அப்புறம் இந்த வரி:

'கிட்ட வர வுடாம எட்ட நிக்க வெச்சாங்களே –
பெத்த மொகம் காட்டாம கட்டிக்கினு போனாங்களே...'

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

அப்பா கொரோனாவில் போனார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை எட்டத்தான் நிற்க வைத்தார்கள். முகம் காட்டவில்லை. தலை முதல் கால் வரை கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முகக்கவசத்தோடு மரம் மாதிரி நின்றேன். அழக்கூட வரவில்லை. இந்தப் பாட்டோ அதற்கு எத்தனையோ வருஷம் முந்தையது.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. பூனை குறுக்கே வந்தால் அதற்கு வழிவிட்டுப் போகிறவள். "ஒப்பாரில வழக்கமா வர்ற வரிதானே?" என்று நிவேதாவைக் கேட்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். எங்ககிட்ட இருக்கற எல்லா ஒப்பாரியும் கேட்டுட்டேன். வேற எதுலயும் இந்த வரி இல்ல."

ஏசி குளிர் தாங்கவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

சின்ன வயதில், எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு கேட்டுக்கு, பொங்கல் கழிந்ததும் வருஷா வருஷம் ஓர் அம்மாள் வருவார். "சார் கீறாரா?" என்று கேட்பார். அப்பா வெளியே வந்தால் மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விடுவார். நான் பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "ஏதோ வேண்டுதல் போல" என்பாள் அம்மா. ஒரு வருஷம் அவர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

கன்னியம்மாவின் மகன் பெருமாள் வண்டலூரில் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறார். பாட்டை இணையத்தில் வைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை, பிரதியைக்கூடத் தொடவில்லை என்றார் நிவேதா. இருவருமாகப் போய்ப் பார்த்தோம்.

"வேணாம்மா," என்றார் பெருமாள். "எங்கம்மா கொரலு அது ஒண்ணுதான் கீது. ஒரு தபா கேக்க மாட்டமான்னு உசுரு அட்ச்சிக்குது. ஆனா அத்தப் போட்டா யாருக்கு இன்னா ஆவுமோ? பாடிட்டு வந்ததுலேர்ந்து எங்கம்மா பயந்துகினே கெடந்துச்சு. சார நேர்ல பாத்துட்டு வந்தாதான் அதுக்குத் தூக்கம். சாவப்போற சமயத்துலகூட, 'பாட்டு காத்துகினு கீதுடா'ன்னு பொலம்புச்சு."

கொஞ்சம் தயங்கினார். "சாரு இப்போ..?"

சொன்னேன். கொரோனா என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு அழுதாங்க?"

"யாரையும் கிட்ட விடலையே."

கம்பி விலை கேட்டு வந்த ஒருவரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். "அப்ப மொதல்ல ஒரு தபா அவருக்குன்னு போடுங்க. போய்ச் சேரட்டும். அப்பால ஊருக்குப் போட்டுக்கோங்க."

அதைத்தான் போன வாரம் செய்தோம். சேகரிப்பு அறையில் அப்பாவின் போட்டோவை வைத்து, ஸ்பீக்கரில் போட்டார் நிவேதா. குரல் கேட்டதும் பெருமாள், அவ்வளவு பெரிய மனுஷன், "யம்மா..." என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வரி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. வாய்விட்டே அழுதேன். ஒரு கட்டத்தில் எது என் குரல், எது அவர் குரல் என்றே தெரியவில்லை.

பாட்டு நின்றது. பதிவு நிற்கவில்லை.

"சார், வூட்டாண்ட போனதும் மொதல்ல தலைக்கு ஊத்திக்கினு உள்ள போங்க. இது சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்த கணக்கு."

"சரிம்மா, சரி." அப்பா சிரிக்கிறார். எனக்கு அப்பாவைத் தெரியும். குளித்திருக்கவே மாட்டார்.

பெருமாள் தன் பிரதியை வாங்கிக்கொண்டார். கடையில்தான் வைத்திருக்கிறார், வீட்டுக்குள் எடுத்துப் போகவில்லை. பாட்டு இப்போது இணையத்தில் இருக்கிறது. அவர் போட்ட ஒரே நிபந்தனைப்படி மேலே ஒரு வரியும் இருக்கிறது – கேட்டு முடித்தவர்கள் தலைக்குக் குளிக்கவும். பல்கலைக்கழகத்து வெப்சைட்டில் இப்படி ஒரு வரியா என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு வாசல் குழாயடியில் புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்ட என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

அவசியம் கேளுங்கள், அருமையான குரல். கேட்டுவிட்டு... குளித்துவிடுங்கள். எதற்கும்!