உருண்டையைத் தொடாத நாள்

இடது கையை மார்புக்கு அடியிலும் வலது கையைப் பின்கால்களுக்கு அடியிலும் கொடுத்து, வயிறு அழுந்தாமல் உருண்டையைத் தூக்கி, சமையலறைத் தராசின் மேல் துண்டு விரித்து வைத்திருந்த அகலக் கிண்ணத்தில் இறக்கினாள் கடிகாரம். இருபத்தாறு வருடம் மனிதர்களைத் தூக்கிய கை, பிடி பிசகவில்லை. உருண்டை கிண்ணத்துக்குள் கல்லாய் உறைந்து நின்றது. எடையைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய அட்டையில் எழுதினாள். காலை ஆறு மணி. நேற்று சாயங்காலத்தைவிட முப்பது கிராம் குறைவு.

உருண்டை ஒரு கினிப் பன்றி. பேரில்தான் பன்றி, ஆள் முயலைவிடச் சின்னது, எலியைவிடப் பெரியது. இப்போது நிறைமாதம், படுத்தால் அகலமாய்ப் பிதுங்கி, கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. "ரெண்டும் பொண்ணுதான்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிக் கொடுத்த ஜோடி. வயிறு பெருத்த பிறகுதான் மற்றதன் யோக்கியதை வெளியே வந்தது. அதற்கு மீசை என்று பேர்.

வீடு லேத்காரருடையது. நாற்பது வருடம் பட்டறையில் லேத் ஓட்டியவரை ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் அடித்து, வலப்பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இடது கையாவது வேலை செய்யட்டும் என்று மகள் இந்த ஜோடியை வாங்கி வந்தாள். தினம் இரண்டு வேளை கொத்தமல்லியை ஒவ்வொரு காம்பாய்க் கிள்ளி அவர் கூண்டுக்குள் நீட்ட வேண்டும். அதுதான் பயிற்சி. அவரைப் பார்த்துக்கொள்ள அதே வீட்டில் தங்கியிருப்பவள் கடிகாரம். அந்தப் பேரும் அவர் வைத்ததுதான். இரண்டு மணிக்கு ஒருமுறை வந்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று புரட்டிப் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவள் புரட்டுவதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் மாமியார் படுத்த படுக்கையானார். திருப்பப் போனால், "வலிக்குதுடி, விடு" என்பார். பாவம் என்று விட்டாள். மூன்றாவது வாரம் இடுப்புக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். அந்தப் புண்தான் அவரைக் கொண்டுபோனது. அடுத்த மாதமே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். அதன்பின் அவள் கையில் பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் முதுகிலும் ஒரு சிவப்புத் தடம்கூட விழுந்ததில்லை. 'விடு' என்று யார் சொன்னாலும் அவள் விடுவதில்லை.

உருண்டைக்கு வயிறு என்று தெரிந்ததும், "கிளினிக்லயே விட்டுடலாமா அக்கா?" என்று மகள் கேட்டாள். "எதுக்கும்மா? நான் பாத்துக்கறேன்" என்றாள் கடிகாரம். சொன்னபடி பார்த்தாள். இரண்டு மணிக்கு ஒரு எடை. அதே கையோடு அடியில் இருந்த புல்லை மாற்றி, தட்டை சோப்புப் போட்டுக் கழுவி, உருண்டை ஒரே பக்கம் கிடக்காதபடி இடம் மாற்றி வைத்தாள். அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

நேற்றிலிருந்து உருண்டை சாப்பிடவில்லை.

"அக்கா, குடைமிளகாயைக்கூட மோந்து பாக்கல. குட்டி உள்ளேயே..." செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகள் வாக்கியத்தை முடிக்கவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா காது கொடுத்துக் கிடந்தார். பேச்சு குழறினாலும் காது கூர்மை. மகள் ஒரு மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போவதாகச் சொல்லி அவரோடு இருந்தாள். கடிகாரம் உருண்டையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த பிராணிகள் கிளினிக்குக்கு நடந்தாள்.

அங்கே வைத்தியம் பார்க்கிற பெண்ணை, மாட்டு டாக்டரின் மகள் என்பதால், எல்லோரும் சின்ன டாக்டர் என்பார்கள். பல்லைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், சிறுநீரைச் சோதித்தாள். கடிகாரம் பெருமையாக அட்டையை நீட்டினாள். சின்ன டாக்டர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இவ்வளவு தடவை தூக்கினது யாரு?"

"நான்தான். ஒரு வேளை தவறல."

"அதாங்க பிரச்சனை. இது பயந்த பிராணி. மேல இருந்து கை வந்தா பருந்து வருதுன்னு நெனச்சுக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பருந்து வந்தா நீங்க சாப்பிடுவீங்களா?"

கடிகாரத்துக்கு முகம் சுருங்கியது. "படுத்த இடத்துலயே கிடந்தா..."

"அது நோயாளி இல்லம்மா, மாசமா இருக்கு. அதுக்கே திரும்பிப் படுக்கத் தெரியும். தினம் சோப்புப் போட்டு அதோட வாசனையையும் கழுவி விட்டிருக்கீங்க. எந்த வீட்டுல இருக்கோம்னே அதுக்குத் தெரியல." ஊசி இல்லாத சிரிஞ்சில் பச்சைக் கூழை எடுத்து வாயோரமாகக் கொஞ்சம் ஊட்டினாள். முதுகில் ஒரு ஊசி போட்டாள். "இந்த நேரத்துல பட்டினி கிடந்தா தாய்க்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் யாரும் தொடாதீங்க. தானா தின்னா பிழைச்சோம். இல்லேன்னா கொண்டு வாங்க, இங்கேயே வச்சுப் பாக்கணும். அப்பவும் உறுதி சொல்ல முடியாது. ஆணை மட்டும் பிரிச்சு வைங்க. குட்டி போட்ட அன்னிக்கே மறுபடி வயித்துல கொடுத்துடும்."

வீட்டுக்கு வந்து மீசையைத் துணிக்கூடைக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. மகள் வேலைக்குக் கிளம்பினாள். கடிகாரத்துக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை.

கூண்டின் முன் உட்கார்ந்தாள். எழுந்தாள். மின்விசிறி இறக்கையைத் துடைத்தாள். மருந்து டப்பாவில் எல்லா மாத்திரையும் சரியாக இருந்தது. கொட்டி மறுபடி அடுக்கினாள். கை தானாகக் கூண்டுக் கதவுக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். உருண்டை அட்டைப்பெட்டிக்குள் மூக்கைச் சுவரில் வைத்துக் கிடந்தது. மூச்சு இருக்கிறதா? குனிந்தாள். அது இன்னும் உள்ளே நகர்ந்தது.

பன்னிரண்டு மணிக்கு லேத்காரரைத் திருப்பினாள். ஒரு மணிக்கு மறுபடி வந்து தோளில் கை வைத்தாள்.

"இப்பதானே... திருப்பின?"

"தலகாணி சரியில்ல ஐயா."

"அதைத் தொடக் கூடாதுன்னா... என்னைத் தொடுவியா?" அவருடைய ஒரு பக்க வாய் சிரித்தது. மறுபக்கம் அதில் கலந்துகொள்ளவில்லை.

மூன்று மணிக்குத் தட்டில் இருந்த கீரை வாடியிருந்தது. புதிதாக வைத்தாள். நான்கு மணிக்கும் அது அப்படியே இருந்தது. அவளுடைய செருப்பு தரையில் டப் டப்பென்று அறைந்துகொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் போய் வந்தது. விட்டால் செத்துவிடும். இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இப்போது ஒரு சின்னப் பெண், தொட்டால் செத்துவிடும் என்கிறாள்.

"கடிகாரம்," என்றார் லேத்காரர். "என்னை... ஜன்னல் பக்கம் தள்ளு. கூண்டு தெரியணும்."

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி, சாயங்கால வேளைக் கொத்தமல்லியை மடியில் வைத்தாள்.

"வெளிய போ."

"எங்க ஐயா போறது?"

"எங்கயாவது. உன் செருப்புச் சத்தம் கேட்டா... அது பெட்டிக்குள்ள ஓடுது. காலைலேர்ந்து... பாக்கறேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"நான் எங்க... ஓடிடப் போறேன்?"

கதவைச் சாத்தாமல் மாடிப்படியில் போய் நின்றாள். கைப்பிடிக் கம்பியில் அழுக்கு இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு மாடிக் கம்பி முழுவதும் துடைத்தாகிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி துணிப்பையோடு ஏறி வந்தவள், "என்னக்கா, மாடிக்கும் சேத்து உன்னைத்தான் வச்சிருக்காங்களா?" என்றாள். ஐந்து மணி. ஐந்தே கால். உள்ளே சத்தமே இல்லை. நாற்காலியிலிருந்து சரிந்திருப்பாரோ? ஒரு படி ஏறினாள், நின்றாள். மாமியாரின் குரல் காதில் ஒருமுறை வந்து போனது.

ஐந்தரைக்கு உள்ளேயிருந்து "கடிகாரம்" என்று தாழ்ந்த குரல். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

லேத்காரர் இடது கையை அசைக்காமல் கூண்டுக்குள் நீட்டியிருந்தார். விரலிடுக்கில் பாதிக் கொத்தமல்லிக் காம்பு. மறுபாதி உருண்டையின் வாயில் கடகடவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கையை அப்படி வைத்திருந்தாரோ, மணிக்கட்டு நடுங்கியது. கடிகாரம் அதைப் பிடித்துத் தாங்கப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"மூணாவது காம்பு," என்றார். "வாயை மூடிக்கிட்டு நில்லு."

ஆறு மணிக்குக் கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். கொண்டு வர வேண்டாம் என்றாள் சின்ன டாக்டர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெறுங்காலோடு கூண்டுக்குப் போனாள். இரவு வைத்த புல்லில் பள்ளம் விழுந்திருந்தது, கீரைத் தட்டு காலி. உருண்டையின் வயிறு உள்ளிருந்து ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. தராசைத் துடைத்து அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினாள். அட்டையில் 'தின்றது' என்று மட்டும் எழுதினாள். பிறகு கட்டிலருகே வந்தாள்.

"ஐயா, திருப்பணும். இப்பவா, அஞ்சு நிமிஷம் கழிச்சா?"

லேத்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "வேணாம்னா?"

"அது கணக்குல கிடையாது. இப்பவா, அஞ்சு நிமிஷமா?"

"பத்து."

"ஏழு," என்று சொல்லிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.