மணி வைக்காத கதவு

குணாவின் மனைவி விமலா அழைத்தபோது நான் காஹாங்கில் ஒரு கோழியிறைச்சிக் கிடங்கின் குளிரறைக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. ரூமுக்குள்ளயே விழுந்து கெடந்தாரு" என்றார். எங்கே போனான் என்று கேட்கும் அளவுக்கு மடையனாக நின்றேன். குணாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவனுக்கு 'அவர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூலாயில் அவன் வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். ஒட்டினாற்போல் சமையலறை. நம் வட்டாரக் கோயில் பாட்டுகளில் பாதி அங்கே பதிவானவை. நான் எழுதிப் பாடுவேன், அவன் பதிவு செய்வான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டி, தலையைச் சாய்த்து எதிரொலியைக் கேட்பான். என் மாமனாரின் சாவு வீட்டிலும் தட்டி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். வீட்டில் தட்டினால், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று விமலா சமையலறையிலிருந்து "என்னாங்க?" என்பார். "உன்ன இல்லம்மா, செவுத்த கூப்புட்டேன்" என்பான்.

ஆரம்பத்தில் அந்த அறை பீப்பாய் மாதிரி முழங்கும். ரொட்டி சானாய் கடையிலிருந்து முட்டைத் தட்டுகளைக் கார் நிறைய அள்ளிக்கொண்டு போனேன், சுவரில் ஒட்டலாமென்று. "அலமாக்! இது முட்டைக்கு மெத்தைடா, பாட்டுக்கு இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சரி, சுற்றிலும் கம்பளம் அடிப்போம் என்றேன். "கம்பளம் கீச்சுக் கொரலத்தான் தின்னும். முழக்கம் மூலைலதான் குந்திக்கிட்டு இருக்கும்" என்றான். ஒலியை உறிஞ்சும் பாறைப் பஞ்சைத் துணியில் சுற்றிச் சட்டமடித்து நாலு மூலைகளிலும் நிறுத்தினான். என் குரல் முதன்முறையாக என் குரலாகக் கேட்டது. "ரூம கொல்லக் கூடாதுலா. திருத்துனா போதும்" என்று அடிக்கடி சொல்வான்.

அவன் திருத்தினான். கொன்றவன் நான்.

ஒருநாள் என் பாட்டின் நடுவே பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. எனக்கு வந்ததே கோபம்! "இன்னொரு தடவ பாடேன்டா. வெளிய உலகம்னு ஒன்னு இருக்குல்ல?" என்றான். எனக்கு எங்கே பொறுமை? வேலையிடத்தில் மிஞ்சிக் கிடந்த குளிரறைக் கதவு ஒன்றை லோரியில் ஏற்றிவந்து, சுற்றிலும் ரப்பர் வைத்து மாட்டினேன். குணாவும் நானும் உள்ளே நின்று சாத்தினோம். அவன் கை தட்டினான். பதில் இல்லை. கதவைத் திறந்தால் விமலா, "ஒன்னுமே கேக்கலண்ணே!" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே என்னாங்கன்னு கேக்க ஆளில்ல" என்றான் குணா. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் அடிப்பதற்கு, குளிரறைக்குள் ஒரு மணி வைப்பது எங்கள் வழக்கம். மணி இல்லாமல் எந்தக் கதவையும் நான் ஒப்படைத்ததில்லை. கோழிக்கு வைத்தேன், மீனுக்கு வைத்தேன். பாட்டுப் பாடும் அறைக்கு எதற்கு மணி என்று விட்டுவிட்டேன்.

மாரடைப்பு. நாற்காலி சாய்ந்து, மைக் தண்டு விழுந்து, கோப்பை உடைந்து கிடந்தது. பத்தடியில் விமலா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வேலையா இருக்காருன்னுதான் நெனச்சேண்ணே" என்கிறார். அவன் கூப்பிட்டானா, கதவைத் தட்டினானா, ஒருவருக்கும் தெரியாது. உடனே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த 'இருக்கும்' எனக்குப் போதவில்லை. சாவுக்கு வந்தவர்களில் சிலர், "நல்ல சாவு, வேல செஞ்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார்கள். நல்ல சாவாம்! அவர்கள் வாயில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கதவு மாட்டியது அவர்கள் இல்லையே.

காரியம் முடிந்த மறுநாள், கதவைக் கழற்றித் தரச் சொன்னார் விமலா. கழற்றிக் கொல்லையில் சாய்த்துவிட்டு வந்தேன். என்ன தோன்றியதோ, அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன்.

"என்னாங்க?" என்றார் விமலா, சமையலறையிலிருந்து. பிறகு கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

குணாவின் நினைவாக நான் வைத்திருப்பது அந்த 'என்னாங்க' என்ற ஒரு சொல்தான். அது அவன் காதில் விழுந்திருக்க வேண்டியது.