எர்மெலிந்தா ஒட்டிய வட்டச் சுவர்

எங்கள் வாலெ டி கோர்சா ஊரில் எர்மெலிந்தா டைல்ஸ் ஒட்டாத குளியலறை கிடையாது. பாதிரியார் வீட்டுத் தரையை அவ்வளவு மட்டமாக ஒட்டியிருக்கிறாள். அதில் ஓர் ஆலிவ் காயை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அங்கேயே கிடந்து வாடிப்போகும். வாடிய காயை நானே பொறுக்கியிருக்கிறேன்.

சாந்து காயும் நேரத்தில் மற்றவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். அவள் கைபேசியை எடுப்பாள். அதில் ஒரு செயலி, திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு விதியைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத் தன் நிறத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும். கணக்குப் படித்தவர்கள் இதற்குச் செல்லுலார் ஆட்டோமேட்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எர்மெலிந்தாவின் எறும்புகள் என்றுதான் சொல்வோம். அந்த எறும்புகளை ஒருநாள் எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் ஊரவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதுவும் வட்டச் சுவராக இருக்க வேண்டும். செயலியில் திரையின் வலது ஓரத்தில் முடியும் வரிசை இடது ஓரத்தில் தொடர்கிறதே, அதற்காக.

சதுக்கத்தில் பாண்டு வாசிக்கும் வட்ட மேடையின் அடிச்சுவர் பெயர்ந்து விழுந்தபோது அவளைக் கூப்பிட்டார்கள். ஊராட்சித் தலைவர் பெல்மீரு திராட்சைக் கொத்துப் படம் வேண்டும் என்றார். அவள் கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மேல் வரிசையில வீட்டுக்கு ஒரு டைல், தலைவரே. நீலமா வெள்ளையான்னு அவங்கவங்க சொல்லட்டும். அதுக்குக் கீழே நானும் சொல்லமாட்டேன், நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது. செங்கல் அடுக்கற மாதிரி ரெண்டு டைலுக்கு நடுவே கீழே ஒண்ணு வரும். மேலே இருக்கிற ரெண்டும் ஒரே நிறம்னா அது வெள்ளை. வேற வேறன்னா நீலம். தரை வரைக்கும் இதேதான்."

"அப்போ என் திராட்சை?"

"ஊருக்கு இஷ்டம்னா தானா காய்க்கும்."

வீடு வீடாகப் போய் நிறம் கேட்டார்கள். அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் நிலத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் நீலம் கேட்டான் என்று தெரிந்ததுமே தம்பி வெள்ளை கேட்டான். இருவருக்கும் நடுவே, கீழ் வரிசையில், பளிச்சென்று ஒரு நீலம் விழுந்தது. "இவனுங்க சேர்ந்து செஞ்ச ஒரே நல்ல காரியம்" என்றார் கசாப்புக் கடைக்காரர்.

சாவ் ரோக் புனிதரின் திருவிழாவுக்கு முன்பே சுவர் முடிந்தது. முக்கோணங்களுக்குள் முக்கோணங்களாக வட்டம் முழுக்க நீலம் தொங்கியது. சுற்று வட்டாரமே கூடும் நாள் அது. எர்மெலிந்தாவின் எறும்புகளை வெளியூர்க்காரர்கள் முதல்முறையாகப் பார்க்கப்போகிறார்கள். அவள் தலைமுடிக்குச் சாயம்கூடப் பூசிக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் பிரான்ஸிலிருந்து கசிமிருவின் கார் வந்தது. வருடமெல்லாம் அங்கே வேலை, ஆகஸ்டில் மட்டும் ஊர். அவன் மனைவி ஒதெத், ஊர் எல்லையிலேயே டைல் சேதியைக் கேட்டுவிட்டு, பெட்டியைக்கூட இறக்காமல் மேடையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எங்க வீட்டு டைல் எங்கே?"

பெல்மீரு தொண்டையைச் செருமினார். "பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் வெள்ளை வெச்சாச்சும்மா. இதோ, இதுதான் உங்களுது."

"பூட்டுத் தொங்கினா செத்துப்போயிட்டோம்னு அர்த்தமா? எங்களைக் கேட்டீங்களா?"

"விடு ஒதெத், வெள்ளையே இருந்துட்டுப் போகட்டும்" என்றான் கசிமிரு.

"நீ சும்மாயிரு. அங்கே போனா வெளிநாட்டுக்காரி, இங்கே வந்தா ஆள் இல்லாத வீட்டுக்காரி. எனக்கு நீலம்தான் வேணும்."

பெல்மீரு எர்மெலிந்தாவின் காதோரம் குனிந்தார். "ஒரே ஒரு டைல்தானேம்மா. மேலே மட்டும் மாத்திடு. கீழே எவன் கணக்குப் பார்க்கப் போறான்?"

அவள் செயலியைத் திறந்து, மேல் வரிசையில் அந்த ஒரு கட்டத்தைத் தொட்டாள். அதன் கீழே இரண்டு மாறின. அந்த மாற்றம் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டே, பாவாடைபோல் தரைவரை இறங்கியது. ஒதெத் எட்டிப் பார்த்தாள்.

"இத்தனையும் பேர்க்கணுமா அக்கா? நாளைக்குத் திருவிழா. வேண்டாம், வெள்ளையே இருக்கட்டும்."

"அது உன்னைக் கேக்காம வெச்ச வெள்ளை. இப்போ கேக்கறேன். திருவிழாவை மறந்துட்டுச் சொல்லு."

ஒதெத் புருஷனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "நீலம்" என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.

எர்மெலிந்தா உளியை எடுத்தாள். பெல்மீரு சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் பாண்டு மேலே முழங்கியபோது கீழே சுவர் பல் விழுந்த வாயாக இளித்தது. "காசு தீர்ந்துபோச்சா?" என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். எர்மெலிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாரீஸில் தைத்த பட்டு உடையோடு ஒதெத் வாளியில் சாந்து கலக்கினாள், கைபேசியைப் பார்த்து வரிசை வரிசையாக நிறம் சொன்னாள். சிரித்தவர்கள் பன்றி இறைச்சி ரொட்டியும் கையுமாக நெருங்கி வந்து, சுவர் கைபேசியின் பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்க நின்றார்கள். போகவே இல்லை. கூட்டம் கலையாததால் பாண்டும் நிறுத்த முடியவில்லை. டிரம்பெட் ஊதியவரின் உதடு வீங்கி, அடுத்த ஞாயிறுவரை சூப் மட்டும்தான்.

கடைசி டைலை ஈரப் பஞ்சால் துடைத்து முடித்தபோது பக்கத்து ஊர்த் தலைவர் கேட்டார்: "பேர்த்தது எந்த இடம்மா?"

"தெரியலையா?"

"தெரியலையே."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஒதெத். எர்மெலிந்தா கையைக் கழுவிக்கொண்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடலாம் என்று ரொட்டிக் கடைப் பக்கம் போனாள்.